மந்திரம் யார் கையில்? ராபின் ஹாப் நாவல்களுக்குள் நுழைய ஒரு வழி

அரசவைச் சூழ்ச்சியும் மந்திரமும் கலந்த ஃபேண்டஸி நாவலை ஆசையாக எடுத்துவிட்டு, ஐம்பது பக்கத்தில் திணறி மூடி வைத்துவிட்டதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்த இளவரசன் எந்த ராணியின் பிள்ளை, யாருக்கு யார் மேல் கோபம், இந்த மந்திரத்தால் எது முடியும் எது முடியாது, ஒன்றும் பிடிபடவில்லை என்பார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். அந்த நாட்டில் மந்திரம் கற்றுக்கொள்ள யாருக்கு அனுமதி உண்டு, அந்த அனுமதியைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அரசவையில் யார் யாருக்கு எதிரி, ஏன் எதிரி என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பிக்கும்.

இதை விளக்க எனக்குத் தெரிந்து ராபின் ஹாபைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அமெரிக்க எழுத்தாளர், 1952இல் கலிபோர்னியாவில் பிறந்து அலாஸ்காவில் வளர்ந்தவர். ராபின் ஹாப் என்பது புனைபெயர். அதற்கு முன்பு மேகன் லிண்ட்ஹோம் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தார், அந்தப் பெயரில் முதல் நாவல் 1983இல் வந்தது. 1995இல் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' வந்தபோதுதான் ஹாப் என்ற பெயர் பிறந்தது. 1996இல் 'ராயல் அசாசின்', 1997இல் 'அசாசின்ஸ் குவெஸ்ட்', இந்த மூன்றும் சேர்ந்தது 'ஃபார்சீர்' முத்தொகுதி. அதே உலகத்தில் 2017 வரை எழுதிக்கொண்டே போய், மொத்தம் 16 நாவல்கள். இங்கே முதல் முத்தொகுதியை மட்டும், அதிலும் பெரும்பாலும் முதல் புத்தகத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன். கதையின் பெரிய திருப்பங்களைத் தொடமாட்டேன், ஆனால் முதல் புத்தகத்தின் சில காட்சிகளைச் சொல்லாமல் விளக்க முடியாது.

கதை ஒரு கோட்டை வாசலில் தொடங்குகிறது. ஒரு கிழவர் ஆறு வயதுப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காவல்காரனிடம் ஒப்படைக்கிறார். இவன் உங்கள் பட்டத்து இளவரசர் ஷிவல்ரிக்குப் பிறந்தவன், என் மகள் வயிற்றுப் பிள்ளை, இனி என்னால் சோறு போட முடியாது, அவ்வளவுதான் சொல்கிறார். பையனுக்குப் பெயர்கூடத் தெரியாது. இளவரசரின் நம்பிக்கைக்குரிய ஆளான பரிச் என்ற லாயக்காரர் அவனுக்குச் சாப்பாடு கொடுத்து நாய்களோடு படுக்க வைக்கிறார். பிற்பாடு அவனுக்கு ஃபிட்ஸ் என்று பெயர் ஒட்டிக்கொள்கிறது. மகன் என்ற பொருளில், குறிப்பாக அரச குடும்பத்தில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் பெயரில் ஆங்கிலத்தில் வரும் முன்னொட்டு அது. அதாவது பையனுடைய பெயரே அவனுடைய பிரச்சினை.

இனி அரசவைக் கணக்கைப் பாருங்கள். ஷிவல்ரிக்கும் அவர் மனைவி பேஷன்ஸுக்கும் குழந்தை இல்லை. இந்த நேரத்தில் இப்படி ஒரு பிள்ளை வெளியே தெரிந்ததும் அவர் பட்டத்து உரிமையைத் துறந்து மனைவியோடு கிராமப்புற மாளிகைக்குப் போய்விடுகிறார், மகனை ஒருமுறைகூட நேரில் சந்திக்காமலே. உரிமை தம்பி வெரிட்டிக்குப் போகிறது. மூன்றாவது மகன் ரீகல், ராஜாவின் இரண்டாவது ராணிக்குப் பிறந்தவன், வரிசையில் சத்தமில்லாமல் ஒரு படி முன்னே வந்துவிட்டான். ஒரு சின்னப் பையன் வாசலில் வந்து நின்றான், அவ்வளவுதான், ஒரு நாட்டின் வாரிசு வரிசையே மாறிப்போகிறது. அரசவைக் கதைகளில் இதுதான் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம். ஒருவர் என்ன செய்தார் என்பதைப் போலவே அவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். ஃபிட்ஸ் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அவன் உயிரோடு இருப்பதே சிலருக்கு இடைஞ்சல்.

பெயர்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. இந்த அரச குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஒரு குணத்தின் பெயரை வைக்கிறார்கள், வளர வளர அந்தக் குணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில். ராஜா ஷ்ரூட் என்றால் சாதுரியம். ஷிவல்ரி என்றால் வீரமும் பெருந்தன்மையும். வெரிட்டி, வாய்மை. பேஷன்ஸ், பொறுமை. ரீகல் என்றால் ராஜ களை. ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே படிப்பதில் தனி சுகம் உண்டு. பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு காரியத்தில் ஐந்து நிமிஷம் நிலைக்காத பேஷன்ஸ் அம்மாளைப் போகப் போக எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சரி, ராஜாவுக்கு வருவோம். அரசவை அரசியல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக் காட்டும் காட்சி ஒன்று இருக்கிறது. விருந்து முடிந்த மண்டபத்தில் பையன் மிச்சம் மீதிச் சாப்பாட்டை நாய்க்குட்டிகளோடு பங்குபோட்டுக்கொண்டிருக்கிறான். ராஜா ஷ்ரூட் ரீகலோடு வந்து நிற்கிறார். இவனை என்ன செய்யலாம் என்று தன் மகனிடம் கேட்கிறார். ரீகலுக்கு அந்தக் கேள்வியே அருவருப்பு. ராஜா பாடம் எடுக்கத் தொடங்குகிறார்: அரச ரத்தம் உண்டு, ஆனால் அரச உரிமை இல்லை, இப்படிப்பட்டவனைத் தூது அனுப்பலாம், பணயமாக அனுப்பலாம், திருமணப் பேரத்தில் வைக்கலாம், வெளியே சொல்லமுடியாத வேலைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம், நாம் பயன்படுத்தாவிட்டால் வேறு யாராவது பயன்படுத்துவார்கள். இத்தனையும் அந்தக் குழந்தையின் முன்னாலேயே. அதன்பிறகு அவனிடமே பேரம் பேசுகிறார். உனக்குச் சோறு, துணி, தங்க இடம், படிப்பு எல்லாம் தருகிறேன், நீ எனக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், வேறு யாராவது இதைவிட அதிகம் தருவதாகச் சொன்னால் என்னிடம் வந்து சொல், நான் ஈடுகட்டுகிறேன். சொல்லிவிட்டுத் தன் உடையிலிருந்து சிவப்புக்கல் பதித்த சின்ன வெள்ளி ஊசி ஒன்றைக் கழற்றிப் பையனின் சட்டையில் குத்துகிறார்.

இந்த ஊசியை மறக்காதீர்கள். முத்தொகுதி முழுக்க ஃபிட்ஸ் அதைச் சுமக்கிறான். அன்பு கிடைக்க வேண்டிய வயதில் அவனுக்கு ஒப்பந்தம் கிடைத்தது, அவனோ அதையே அன்பு மாதிரி இறுகப் பிடித்துக்கொள்கிறான். ராஜா கெட்டவரா நல்லவரா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரே பதில் வரவில்லை, காரணம் அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார்.

அப்புறம் ஒரு நள்ளிரவில் ஃபிட்ஸின் அறைச் சுவரில் ஒரு ரகசியக் கதவு திறக்கிறது. கோட்டையின் சுவர்களுக்குள் வாழும் சேட் என்ற முதியவரிடம் அவனைக் கூட்டிப்போகிறார்கள். சேட் ராஜாவின் ரகசியக் கொலையாளி, இனி அவனுக்கு ஆசிரியர். நஞ்சு வகைகள், வேவு, ஒரு அறைக்குள் நுழைந்து எதையும் கலைக்காமல் வெளியேறுவது, எல்லாம் அவரிடம்தான். ஒருநாள் சேட் விளையாட்டுப் போலச் சொல்கிறார், ராஜாவின் அறையிலிருந்து ஏதாவது ஒரு சின்னப் பொருளை எடுத்து வா என்று. பையன் மாட்டேன் என்கிறான், ராஜாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறான். சேட் கோபித்துக்கொண்டு நாள்கணக்கில் அவனைக் கூப்பிடுவதில்லை, பையன் ஒடிந்து போகிறான். பிறகுதான் தெரிகிறது, அது ராஜா வைத்த சோதனை. ஒரு குழந்தையின் ஒரே நட்பை எடுத்துவைத்து விசுவாசத்தை எடைபோட்டுப் பார்க்கிறார்கள். இதில் மந்திரம் ஒரு துளிகூட இல்லை, ஆனால் இந்த அரசவை எப்படி இயங்குகிறது என்பது முழுக்க இருக்கிறது.

நாட்டின் நிலைமையையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கோமகன்கள் ஆளும் ஆறு பகுதிகள் சேர்ந்ததுதான் நாடு. பக், பேர்ன்ஸ், ரிப்பன், ஷோக்ஸ் ஆகிய நான்கும் கடலோரம். டில்த், ஃபேரோ இரண்டும் உள்நாடு. கடலில் செங்கப்பல் கொள்ளையர்கள் வருகிறார்கள். கப்பல் கட்டவும் காவல் கோபுரங்களில் ஆள் வைக்கவும் பணம் வேண்டும், அதாவது வரி வேண்டும். கடலைப் பார்த்தே இராத உள்நாட்டுக்காரர்கள் நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்கிறார்கள். ரீகலின் தாய் வழிச் செல்வாக்கு எங்கே என்றால் உள்நாட்டில். இதைப் படித்தவுடனே மேலே சொன்ன வாரிசுச் சண்டைக்கு ஒரு நிலப்படம் கிடைத்துவிடும். வெரிட்டிக்குக் கடலோரம், ரீகலுக்கு உள்நாடு.

முதல் புத்தகத்தில் வரும், நீட்பே என்ற கடலோர ஊருக்குப் போகும் பயணம்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ரிப்பன் கோமகன் கெல்வார் தன் பொறுப்பில் உள்ள காவல் கோபுரங்களில் போதிய ஆள் வைக்கவில்லை, பக்கத்துப் பகுதியின் கோமகன் புகார் சொல்கிறார், வெரிட்டி நேரில் பேசப் போகிறார். ஃபிட்ஸை நாய் பார்க்கும் பையன் வேஷத்தில் கூட அனுப்புகிறார்கள். பேச்சு பலிக்காவிட்டால் கெல்வாரை முடித்துவிட வேண்டியது வரலாம், அது அவன் வேலை. ஆனால் அவன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு. கெல்வாருக்குப் புதிதாக வாய்த்த இளம் மனைவி கிரேஸ் பெரிய இடத்துப் பெண் இல்லை, தன்னை யாரும் மதிக்கமாட்டார்களோ என்ற பயம் அவளுக்கு, அந்தப் பயத்தை மூடத்தான் நகையும் பட்டும். காவலுக்குப் போக வேண்டிய பணம் கழுத்தில் தொங்குகிறது. அவளுடைய செல்ல நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போக, நாய்ப் பையனைக் கூப்பிடுகிறார்கள். நாயைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த நெருக்கத்தில், எளிய உடையில் நகையில்லாமல் எழுந்து நின்று தன் மக்களுக்காகப் பேசும் ஒரு பெண்ணைக் கனவில் கண்டதுபோல அவளிடம் சொல்கிறான். மறுநாள் அவள் அப்படியே வந்து நிற்கிறாள். கோபுரங்களுக்கு ஆள் கிடைக்கிறது, கெல்வார் பிழைக்கிறார்.

கத்தி உறையிலேயே இருக்கிறது. ஒருவரின் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அங்கே ஒரு நல்ல கௌரவத்தை வைத்துக் கொடுத்தான், காரியம் நடந்தது. சூழ்ச்சி என்றவுடன் நஞ்சுக் கோப்பையை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும்.

இப்போது மந்திரம். இந்த உலகத்தில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றின் பெயர் ஸ்கில், இன்னொன்று விட். இரண்டுமே ஆங்கிலத்தில் தினமும் புழங்கும் சொற்கள், திறமை, புத்தி என்கிற மாதிரி. இவ்வளவு சாதாரணப் பெயர் வைத்ததே அழகு என்று நினைக்கிறேன், அந்த ஊர் ஆட்களுக்கு அது வாழ்க்கையின் ஒரு பாகம், அதிசயம் கிடையாது.

ஸ்கில் என்பது மனத்திலிருந்து மனத்துக்குப் போகும் ஆற்றல். தூரத்தில் இருப்பவரோடு பேசலாம், ஒருவர் எண்ணத்தைத் திசை திருப்பலாம், ஒருவர் பலத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிற அளவு மிஞ்சிப்போனால் கொடுப்பவர் செத்தே போகலாம். இது அரச ரத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் மந்திரம். பயிற்சி பெற்றவர்கள் சிறு குழுவாக இணைந்து ராஜாவுக்கு வேலை செய்வார்கள். ஒரு ராஜாவின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள், இது உளவுத்துறை, தபால்துறை, ஆயுதம் மூன்றும் ஒன்றாக. அதனால்தான் கற்பிப்பதை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். அமைதிக் காலத்தில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கொள்ளையர்கள் வந்தபோது கரையோரம் முழுக்கச் செய்தி சொல்ல ஆள் இல்லை.

கற்பிக்கத் தெரிந்தவர் என்று மிஞ்சியிருப்பது கேலன் ஒருவர். அவரோ செத்துப்போன ராணியை, அதாவது ரீகலின் தாயை, தெய்வமாக நினைத்தவர். மாணவர்களைக் குளிரில் நிறுத்தி, பட்டினி போட்டு, அடித்து, தனக்கு மட்டுமே தலை ஆட்டுகிறவர்களாக வளர்க்கிறார். ஃபிட்ஸும் அந்த வகுப்பில் சேர்கிறான், கேலன் அவனை வெறுக்கிறார். முதலில் சொன்ன கேள்வியை இங்கே பொருத்திப் பாருங்கள். மந்திரம் ராஜாவுடையது என்று பெயர், ஆனால் யார் கற்கலாம் என்று தீர்மானிப்பது ஒரு வாத்தியார், அந்த வாத்தியாரின் மனசு வேறொருவர் பக்கம். அரியணையைப் பறிக்க படை தேவையில்லை, ஒரு வகுப்பறை போதும். ஹாப் இதை எங்கேயும் உரக்கச் சொல்வதில்லை, பள்ளிக்கூடக் கொடுமைக் கதை போலச் சொல்லிக்கொண்டே போகிறார், நமக்குத்தான் திடீரென்று உறைக்கிறது.

விட் இதற்கு நேர் எதிர். விலங்குகளோடு உணர்வால் சேர்ந்துகொள்ளும் ஆற்றல். ஃபிட்ஸுக்கு இது பிறவியிலேயே உண்டு, முதல் இரவு படுத்த இடத்தில் இருந்த நோசி என்ற நாய்க்குட்டியோடு அவனுக்கு ஒட்டு விழுகிறது, குட்டியின் மூக்கில் படும் வாசனை இவனுக்கும் தெரிகிறது. பரிச் இதைக் கண்டுபிடித்த நாளில் குட்டியை அவனிடமிருந்து பிரித்துவிடுகிறார். அந்த நாட்டில் விட் உள்ளவர்கள் என்றால் மிருகமாகிப் போனவர்கள் என்று அர்த்தம், பிடிபட்டால் தூக்கிலிட்டு எரித்துவிடுவார்கள். பரிச் அவனை அடிப்பதும் மிரட்டுவதும் அந்த பயத்தினால்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே ஒரு மனம் இன்னொரு மனத்தைத் தொடுவதுதான். ஒன்று அரண்மனையில் இருப்பதால் கலை, இன்னொன்று லாயத்தில் இருப்பதால் குற்றம். ஃபிட்ஸின் உடம்பில் இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன, தந்தையின் அரண்மனையும் லாயமும் அவனுக்குள்ளேயே சண்டை போடுகின்றன என்று சொல்லலாம்.

இந்த மந்திரமும் அரசியலும் நேருக்கு நேர் மோதும் இடம் ஃபோர்ஜ் என்ற கிராமம். கொள்ளையர்கள் அங்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மிரட்டல் விடுகிறார்கள். பணம் தாருங்கள், இல்லாவிட்டால் இவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம். திருப்பி அனுப்புவது எப்படி மிரட்டலாகும் என்று யாருக்கும் புரியவில்லை. பணம் போகவில்லை, ஆட்கள் திரும்பி வருகிறார்கள். உடம்பு அதே உடம்பு, பேச்சும் உண்டு, நினைவும் உண்டு. பாசம், வெட்கம், இரக்கம் எதுவும் இல்லை. பசித்தால் பக்கத்தில் இருப்பவனிடம் பிடுங்கித் தின்கிறார்கள், சொந்தப் பிள்ளையைக்கூட லட்சியம் செய்வதில்லை. சேட் கூட்டிப்போய் ஃபிட்ஸ் அந்தக் கிராமத்தைப் பார்க்கும்போது, மற்றவர்கள் கண்டதைவிட அவன் ஒன்றைக் கூடுதலாக உணர்கிறான். எந்த உயிர் பக்கத்தில் வந்தாலும் விட் ஆற்றலால் அவனுக்கு ஒரு துடிப்புத் தெரியும். இவர்களிடம் அது இல்லை. கல் நடந்து வருவதுபோல வருகிறார்கள்.

அரசவைக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று யோசியுங்கள். எதிரி கொன்றிருந்தால் பழிவாங்க ஜனங்கள் திரள்வார்கள். இங்கே நம் ஆட்களையே நாம் கொல்ல வேண்டிய நிலை. அவர்களும் பிரஜைகள்தானே, யார் ஆணையிடுவது? தாமதிக்கத் தாமதிக்க ராஜாவின் மேல் நம்பிக்கை கரைகிறது. ஒரு மந்திரத்தை எதிரியின் கையில் கொடுத்து, அதனால் வரி, விசுவாசம், நியாயம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்டிவைக்கிறார் ஹாப். ஃபேண்டஸி எழுத நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி ஒன்றே பெரிய பாடம்.

விலை என்று ஒன்றும் உண்டு. ஸ்கில் பயன்படுத்துவதில் ஒரு போதை இருக்கிறது, அதில் கரைந்து திரும்பாமல் போய்விடலாம். வெரிட்டி கடலைப் பார்த்த கோபுர ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கொள்ளைக் கப்பல்களை ஓட்டுபவர்களின் மனத்தைக் குழப்பித் திசை திருப்பிக்கொண்டே இருக்கிறார். நாட்டுக்கு அது காவல். ஆனால் சாப்பாடு மறந்து, ஆள் இளைத்து, எலும்பாகி, சபையில் உட்கார்ந்து தன் பக்கத்தைப் பேசக்கூடத் தெம்பில்லாமல் போகிறார். அந்த நேரத்தில் சபையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது யார்? ரீகல். மந்திரத்தின் விலை இப்படி அரசியலில் வந்து விழுகிறது.

மலைநாட்டோடு செய்யும் திருமண உறவையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். வெரிட்டிக்காகப் பேசி முடிக்கும் கெட்ரிக்கன் அந்த நாட்டு இளவரசி. அவர்கள் ஆள்பவரை அழைக்கும் சொல்லுக்குத் தியாகம், பலி என்றே அர்த்தம், மக்களுக்காகத் தன்னைக் கொடுப்பவர் என்று. அந்தப் பெண் ஷ்ரூடின் அரசவைக்கு வந்து நிற்கும்போது அங்குள்ள மொத்தப் பழக்கமும் நமக்கு வெளிச்சம் போட்டதுபோலத் தெரிகிறது.

படிப்பதற்குச் சில வார்த்தை. கதையைச் சொல்வது வளர்ந்து ஆளாகிவிட்ட ஃபிட்ஸ், பழையதை நினைத்து எழுதுகிறார். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு மாதிரி ஒரு பத்தி வரும். அதைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கே சொன்னது பல அத்தியாயம் கழித்து உபயோகப்படும். நடை வேகமானது இல்லை. நூறு பக்கம் வரை ஒரு பையன் லாயத்தில் வளர்வதைத்தான் படிப்பீர்கள், அதில் பொறுமை இழப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நூறு பக்கம் இல்லாமல் மீதி இல்லை. ஃபிட்ஸ் தவறாக முடிவெடுக்கும்போது கோபம் வரும், நிறைய வரும். அவன் சின்னப் பையன் என்பதையும், அவன் சொல்வதெல்லாம் அவனுக்குத் தெரிந்த அளவுதான் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கெட்டவர் என்று எழுதும் சிலர் கெட்டவர் இல்லை.

வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம், 1995இல் வந்ததிலிருந்தே தொடங்குங்கள். இரண்டாவது புத்தகம் கையில் இல்லாமல் முதலாவதை முடிக்கலாம், அது ஓர் இடத்தில் மூச்சுவிட்டு நிற்கும். இரண்டாவதை முடிக்கும்போது மட்டும் மூன்றாவது பக்கத்திலேயே இருக்கட்டும்.